கம்பி குத்திய தயிர்

மாவட்டத்தில் பட்டதாரிகளுக்கு வேலை இல்லை என்பதைப் பல்கலைக்கழகம் நீண்ட ஆய்வுக்குப் பிறகு கண்டுபிடித்தது. காரணத்தையும் அதே ஆய்வு கண்டுபிடித்தது. மாணவர்கள் வேலை தேடுகிறார்கள். தேடுகிறவர்கள் இருக்கும்வரை இல்லாமையும் இருக்கத்தான் செய்யும். ஆகவே அவர்களை வேலை உருவாக்குகிறவர்களாக மாற்றுவதற்கு ஒரு வெளிநாட்டுக் கடன் பெறப்பட்டு, ‘தொழில்முனைவும் புதுத்தொழில் ஆக்கமும்’ என்ற பாடம் இரண்டாம் வருடத்தாருக்குக் கட்டாயமாக்கப்பட்டது. கடனில் முதலில் ஒரு குளிரூட்டி வாங்கினார்கள். மின்சாரம் அடிக்கடி நின்றதால் அதை இயக்க ஒரு ஜெனரேட்டர் வாங்கினார்கள். மிகுதியில் பாடம் நடந்தது.

விதி எளிமையானது. ஒவ்வொரு மாணவனும் ஆண்டு முடிவதற்குள் உண்மையான ஒரு தொழிலை உண்மையான ஓர் இடத்தில் தொடங்கி நடத்திக் காட்ட வேண்டும். காட்டாதவன் பாடத்தில் சித்தியடைய மாட்டான். சித்தியடையாதவன் மூன்றாம் வருடத்துக்குப் போக முடியாது. போகாதவனுடைய மாணவர் அட்டை புதுப்பிக்கப்படாது.

மற்ற ஊர்களில் மாணவர் அட்டை நூலகத்தில் புத்தகம் எடுப்பதற்கு உதவும். அருமைநாயகத்துக்கு அது வேறு விதமாக உதவியது. அவன் வெல்லாவெளிக்கு உள்ளே ஒரு கிராமத்தவன். வாவிக்கு மேற்கே, படுவான்கரை. அங்கே ஆமிக்கு எதிராகச் சண்டையிட இயக்கம் வீட்டுக்கு ஓர் ஆள் கேட்டது. அவன் வீட்டில் அவனும் தாயும்தான். வாவிக்குக் கிழக்கே, பல்கலைக்கழகம் இருந்த பக்கத்தில், ஆமி அடிக்கடி சுற்றிவளைத்தது. அடையாள அட்டையில் படுவான்கரை விலாசம் உள்ளவனை வரிசையிலிருந்து எடுத்துத் தனியாக நிறுத்தியது. தனியாக நிறுத்தப்பட்டவர்களில் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்த நேரத்தில் மாணவர் அட்டையை நீட்டினால் சிப்பாய் படத்தைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான், “கெம்பஸ்” என்பான், போகச் சொல்வான். அட்டை இருக்கும்வரை அருமைநாயகம் கிழக்கே நிற்கலாம். இல்லாவிட்டால் அவன் நிற்பதற்குக் கரை இல்லை.

பாடத்தைக் கற்பித்தவர் கலாநிதி கனகசிங்கம். அரசாங்கச் செலவில் வெளிநாடு சென்று, துணிகர முயற்சிகளைப் பற்றி ஆறு வருடம் படித்து, ஓய்வூதியமுள்ள நிரந்தரப் பதவிக்குத் திரும்பி வந்தவர். வாழ்க்கையில் அவர் ஒரே ஒரு பொருளை விற்க முயன்றார். அது அவருடைய பழைய மோட்டார் சைக்கிள். இரண்டு வருடம் விளம்பரம் செய்துவிட்டுக் கடைசியில் மைத்துனருக்குச் சும்மா கொடுத்தார். ‘இடர்’ என்பது அவருக்கு மிகவும் பிடித்த சொல். இடரை நேசிக்காதவன் வாழவே இல்லை என்று சொல்லிவிட்டு, பின்னேர வீதி நல்லதல்ல என்பதால், வகுப்பை வெயிலோடு முடித்துக்கொள்வார்.

முதல் வகுப்பில் அவர், உலகத்தில் பிரச்சினை என்று எதுவும் இல்லை, சந்தைக்கு வராத வாய்ப்புகளே உண்டு என்றார். சமூகத்தில் கண்ட பிரச்சினைகளைச் சொல்லும்படி கேட்டார். மாணவர்கள் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதினார். ஆள் கடத்தல். ஷெல் அடி. பாதை பூட்டு. வாவியில் இரவு வலை போடத் தடை. பலகை நிறைந்த பிறகு கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக அழித்தார். அழிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் “இது பாடத்திட்டத்துக்கு வெளியே” என்றார். பலகை வெறுமையானதும் பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, கடிபட்ட கையைச் சொறிந்தபடி மெதுவாக, “நுளம்பு, சேர்” என்றாள். நுளம்பு அழிபடவில்லை.

அந்த வருடம் பாதி வகுப்பு நுளம்பு விரட்டும் தொழிலைத் தொடங்கியது.

அருமைநாயகத்தின் அறைத்தோழன் பாறூக் ஓட்டமாவடியைச் சேர்ந்தவன். தகப்பனுக்கு அங்கே பலசரக்குக் கடை. பொலன்னறுவை பஸ்ஸில் வெங்காயம் இறக்கி, கொஞ்சம் இலாபம் வைத்து விற்கப் போவதாக அவன் திட்டம் கொடுத்தான். இதில் புத்தாக்கம் எங்கே என்று கலாநிதி கேட்டார்.

“எங்கட வாப்பா முப்பது வருசமா இப்பிடித்தான் செய்றார், சேர்.”

“அதுதான் குறை. முப்பது வருடம் நிலைத்து நிற்கிற ஒன்றைப் புதுத்தொழில் என்று எப்படிச் சொல்வது?”

பாறூக் திட்டத்தை வாங்கிக்கொண்டு வந்தான். தோடம்பழத் தோலையும் சாணத்தையும் அரைத்து ஒரு சுருள் செய்தான். அதைக் கொளுத்தினால் நுளம்பு போகாது, ஆட்கள் போவார்கள். ஒன்றும் விலைப்படவில்லை. கலாநிதி அதற்குச் சாதாரண சித்தி கொடுத்தார். அருமைநாயகம் பிந்திவிட்டான். நுளம்பில் இனி இடமில்லை என்று அறிவித்தல் போட்டுவிட்டார்கள்.

அவனுடைய தாய் சீதேவிப்பிள்ளை எருமைத் தயிர் விற்கிறவள். சனிக்கிழமைகளில் ஊர்ப் பெண்கள் சிலரோடு தயிர்ச் சட்டிகளைக் கொண்டு வாவிப் பாலத்தடிக்கு வருவாள். பஸ் அக்கரையிலேயே நின்றுவிடும். சனம் இறங்கி, மூட்டை முடிச்சைச் சுமந்து, வெயிலில் வரிசையில் நின்று, சோதனைச் சாவடியைக் கடந்து இக்கரைக்கு நடந்து வர வேண்டும். அருமைநாயகம் இக்கரையில் காத்திருந்து சட்டிகளை வாங்கிக் கொள்வான். தாயும் மகனும் கண்டுகொள்வது அவ்வளவுதான்.

சாவடியில் சட்டிகளைச் சோதிக்கிற முறை ஒன்று இருந்தது. சிப்பாய் ஒரு நீளக் கம்பியைத் தயிருக்குள் அடிமட்டும் இறக்கி, ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பான். உள்ளே தயிர்தான் இருக்கிறது என்று உறுதியானதும் கம்பியைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு அடுத்த சட்டிக்குப் போவான். கம்பி பட்ட தயிர் பொருக்கு உடைந்து தண்ணீர் விடும். பட்டணத்துக்குப் போய்ச் சேரும்போது அதைக் கடைக்காரன் தொடமாட்டான். சிப்பாய் களைத்திருந்தால் சில சட்டிகள் தப்பும். தப்பியவற்றில்தான் அந்தப் பெண்கள் சீவித்தார்கள்.

“பாலுக்குள்ள குண்டு வச்சி ஆராச்சும் ஒற ஊத்துவாங்களா, மனே” என்று சீதேவிப்பிள்ளை கேட்டாள். அதை அவள் சிப்பாயிடமும் கேட்டிருந்தாள். அவனுக்குத் தமிழ் தெரியாது.

ஒரு சனிக்கிழமை அவளுடைய சட்டி ஒன்றும் தப்பவில்லை. அருமைநாயகம் உடைந்த தயிரை ஒரு வாளியில் ஊற்றி, தண்ணீர் விட்டு, உப்பும் பச்சை மிளகாயும் போட்டு அடித்து, வரிசையில் நின்ற சனத்துக்கு மோராக விற்றான். நிழலில்லாத இடம். வாளி காலியாகிவிட்டது. விடுதிக்கு வந்து இதைச் சொன்னபோது பாறூக் கட்டிலில் எழும்பி இருந்தான்.

“மச்சான், இதுதான்டா ஒன்ட நுளம்பு” என்றான்.

கலாநிதி கனகசிங்கம் திட்டத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கழிவிலிருந்து பெறுமதி, நெருக்கடியிலிருந்து சந்தை, வரிசையில் நிற்கும் கட்டாய வாடிக்கையாளர். இத்தனை கோட்பாடுகள் ஒரு வாளிக்குள் கிடக்கின்றன என்று அவனுக்குத் தெரியுமா என்று கேட்டார். அவனுக்குத் தெரியாது. அவன் அட்டையைப் பற்றி மட்டும் கேட்டான். அட்டை நிச்சயம் என்றார். அவன் அன்று நன்றாகச் சாப்பிட்டான்.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஆலோசகர் வந்தார். கடன் கொடுத்தவர்களின் ஆள். குளிரூட்டி அறையில் ஜெனரேட்டர் இரைச்சலுக்கு மேலாக அவர் ஆங்கிலத்தில் கேட்க, கலாநிதி அதை யாரும் பேசாத தமிழில் மாற்றிச் சொன்னார்.

மூலப்பொருள் என்ன என்று கேட்டார்கள். குத்துப்பட்ட தயிர் என்றான். வழங்குநர் யார் என்று கேட்டார்கள். அவன் யோசித்துவிட்டு, “ஆமி, சேர்” என்றான்.

ஒரே வழங்குநரில் தங்கியிருப்பது பாரதூரமான பலவீனம் என்று ஆலோசகர் சொன்னார். எழுத்துமூல உடன்படிக்கை உண்டா? இல்லை. அப்படியானால் நாளைக்கு அவர்கள் குத்தாமல் விட்டால் நிறுவனத்தின் கதி என்ன?

“குத்தாட்டி நல்லந்தானே, சேர். தயிர் தயிராப் போகும்.”

ஆலோசகர் அதை மொழிபெயர்க்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டார். பிறகு, நிறுவுநரிடம் வளர்ச்சி வேட்கை குறைவு, நிறுவனத்துக்குப் பல்கலைக்கழகத்தின் நேரடிக் கைகொடுப்புத் தேவை என்று பரிந்துரைத்தார்.

இதே காலத்தில் தயிர்ப் பெண்கள் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரைக் கூட்டிக்கொண்டு ஆமி முகாம் பொறுப்பதிகாரியிடம் போயிருந்தார்கள். கம்பி போடாமல் மூடியைத் திறந்து பார்த்தால் போதாதா என்று கும்பிட்டுக் கேட்டார்கள். அதிகாரி நல்ல மாதிரிக் கதைத்தார். யோசிக்கிறேன் என்றார். யோசித்துக்கொண்டிருந்தபோது பல்கலைக்கழகத்தின் கடிதம் அவருக்குக் கிடைத்தது. பாலத்தடியில் நடைமுறையிலுள்ள குத்துமுறை ஒரு முன்னோடிக் கற்கைத் திட்டத்துக்கு ஆதாரமாக இருப்பதாகவும், அதை எக்காரணம் கொண்டும் குறைக்க வேண்டாம் என்றும், முடியுமானால் விடுபடும் சட்டிகளையும் உள்ளடக்கும்படியும் துணைவேந்தர் பணிவாக வேண்டியிருந்தார். அந்த முகாமுக்குப் பொதுமக்கள் தரப்பிலிருந்து முறைப்பாடு அல்லாத ஒரு கடிதம் வந்தது அதுவே முதல் தடவை. அதிகாரி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

பிறகு சுகாதாரப் பிரச்சினை எழுந்தது. பழைய கம்பிகள் துருப்பிடித்தவை. மனிதர் குடிக்கிற பானத்தின் மூலப்பொருளில் துரு கலப்பதைப் பீடச் சபை கடுமையாக எடுத்துக்கொண்டது. கடனில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டு, துருப்பிடிக்காத உருக்கில் கம்பிகள் செய்விக்கப்பட்டன. பிடியில் பல்கலைக்கழக இலச்சினை பொறிக்கப்பட்டிருந்தது. பாலத்தடியில் பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். தயிர்ப் பெண்களைச் சட்டிகளோடு வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள், படம் எடுப்பதற்காக. துணைவேந்தர் பேசினார்.

“குத்துவதைத் தடுப்பது எமது பணியன்று. அது உரியவர்களின் பொறுப்பு. குத்தப்படுவது சுத்தமாகக் குத்தப்படுகிறதா என்பதை உறுதி செய்வதே ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் சமூகக் கடமை. அந்தக் கடமையிலிருந்து எமது பல்கலைக்கழகம் ஒருபோதும் வழுவியதில்லை.”

கைதட்டினார்கள். அதிகாரி ஒரு கம்பியை வாங்கி முன்னால் நின்ற சட்டிக்குள் இறக்கித் திறந்துவைத்தார்.

அன்றிலிருந்து ஒரு சட்டியும் தப்பவில்லை. சிப்பாய்களுக்குக் களைப்பு வருவதற்கு அனுமதி இல்லை. வாரம்தோறும் பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை போனது. தயிர்ப் பெண்களில் சிலர் வருவதை நிறுத்தினார்கள். வந்தவர்கள் அருமைநாயகத்தின் வாளிக்குக் கிடைத்த விலைக்கு ஊற்றிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். ஒருத்தி மட்டும், “படிச்சி வந்து தாய்ட சட்டியில கை வைக்கிற அறுவான்” என்று அவனுக்குக் கேட்கும்படி சொன்னாள். சீதேவிப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றாள். அவள் மகனை அணைக்கட்டுப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

“மனே, கம்பியில ஒங்கட கெம்பஸ்ர படம் இரிக்காமே.”

அவன் ஓம் என்றான்.

“அந்தக் கெம்பஸ் காட்டுக்காகத்தானே எல்லாம்?”

“ஓம்மா.”

“அப்ப குத்தட்டும். நீ இஞ்சால நில்லு. அங்கால வந்திராத. கிழமைக்கு ரெண்டு பேர இயக்கத்துக்குக் கொண்டு போறாங்க.” பிறகு அவள் சொன்னாள்: “மத்தப் பொண்டுகள்ற கதையக் காதில எடுக்காத. அவளுகளுக்குப் பொட்டப் புள்ளயள்.”

அவன் காதில் எடுத்தான். திங்கட்கிழமை கலாநிதியிடம் போய், மோரை விட்டுவிடுகிறேன், நுளம்பில் எங்காவது ஒரு மூலை தாருங்கள், சாதாரண சித்தி போதும் என்று கேட்டான். கலாநிதி அவனை இருத்தி, தேநீர் வரவழைத்தார். இந்த மனநிலைக்கு நிறுவுநரின் தனிமை என்று பெயர், எல்லாப் பெரிய மனிதர்களுக்கும் வருவது, புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இருக்கிறது என்றார். இப்போது விலகினால் அது சித்தியின்மை. சித்தியின்மை என்றால் அட்டை இல்லை. தவிர, அவன்தான் முதற்பரிசுக்குத் தெரிவாகியிருக்கிறான்.

அவன் எழுந்து வந்தான். அடுத்த சனிக்கிழமை வாளியோடு பாலத்தடியில் நின்றான்.

பரிசளிப்பு விழா பெரிய மண்டபத்தில் நடந்தது. ஆலோசகர் பேசினார். உலகத்தின் மாபெரும் நிறுவுநர்களில் ஒருவர்கூடப் பல்கலைக்கழகப் படிப்பை முடித்தவர் அல்லர் என்றார். அவர்களைப் பிடித்து வைத்திருந்த பல்கலைக்கழகங்கள் இன்று வெட்கப்படுகின்றன. அந்தத் தவறை இந்த நிறுவனம் செய்யாது. ஆகவே முதற்பரிசு, படிப்பிலிருந்து முழுமையான விடுதலை. கலாநிதி இதைத் தமிழில் சொன்னபோது குரல் தழுதழுத்தது. அருமைநாயகத்துக்கு முதலில் விளங்கவில்லை. பக்கத்திலிருந்த பாறூக் அவன் தொடையை இறுகப் பிடித்தபோதுதான் விளங்கியது.

மேடையில் நாடா வெட்டுவதற்குப் பதிலாக மாணவர் அட்டையை வெட்டுவதென்று ஏற்பாடு. தட்டில் பட்டு விரித்துக் கத்தரிக்கோல் வைத்திருந்தார்கள். அருமைநாயகம் அட்டையைக் கொடுக்காமல் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு நின்றான்.

“சேர், எனக்குப் பரிசு வேணாம். என்னப் பெயிலாக்குங்க. அடுத்த வருசம் திரும்பப் படிக்கிறன். காட்ட மட்டும் வெட்டாதீங்க.”

“தம்பி, பட்டம் என்பது பயந்தவர்களுக்கு” என்றார் கலாநிதி. அழைப்பிதழில் அவருடைய பெயருக்குப் பின்னால் மூன்று பட்டங்கள் அச்சாகியிருந்தன. “புள்ளிகள் செனட் சபைக்குப் போய்விட்டன. இனி உன்னைப் பெயிலாக்க எவராலும் முடியாது.”

பீடாதிபதி அவன் பையிலிருந்து அட்டையை அன்போடு எடுத்தார். பிளாஸ்டிக் கடினமாக இருந்தது. கத்தரிக்கோல் வழுக்கியது. ஆய்வுகூட உதவியாளர் தகரம் வெட்டுகிற குறடு கொண்டு வந்து கொடுத்தார். வெட்டியதும் மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அட்டைக்குப் பதிலாக ஒரு கேடயமும், ‘அருமைநாயகம், நிறுவுநர், பிரதம நிறைவேற்று அதிகாரி’ என்று அச்சடித்த விலாசச் சீட்டுகள் ஒரு பெட்டியும் கொடுத்தார்கள்.

விடுதிப் பொறுப்பாளர் அன்றே கட்டிலைக் காலி செய்யச் சொன்னார். விடுதி மாணவர்களுக்கு, தொழிலதிபர்களுக்கு அல்ல. பாறூக் சில நாள் அவனைத் தன் கட்டிலில் ஒளித்து வைத்திருந்தான். பிடிபட்டபோது பாறூக்குக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஓட்டமாவடிக்கு வா, வாப்பாவிடம் சொல்கிறேன், கடைக்குப் பின்னால் படு என்று அவன் கேட்டான். ஓட்டமாவடிக்குப் போவதற்கு இடையில் எத்தனை சாவடி என்று இருவருக்கும் தெரியும். அருமைநாயகம் பாலத்தடிக்குக் கிட்ட ஒரு பூட்டிய தேநீர்க் கடையின் பின்புறத்தில் தங்கினான். பாலத்தடிச் சிப்பாய்களுக்கு அவனைத் தெரியும். அவனுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு பழக்கம்தான்.

பிறகு படுவான்கரையில் சண்டை தொடங்கியது. கிழக்கிலிருந்து மேற்கே ஷெல் போனது. பாலத்தைப் பூட்டினார்கள். சில நாளில் திறந்தார்கள். சனம் வரத் தொடங்கியது. சட்டிகள் இல்லை. பிள்ளைகளையும் கிழவர்களையும் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். எருமைகளை அவிழ்த்து விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். அருமைநாயகம் மோர் வாளியில் தண்ணீர் அள்ளி வந்து சனத்துக்குக் கொடுத்தபடி தாயைத் தேடினான்.

சாவடியில் புது ஆட்களை மாற்றியிருந்தார்கள். அவர்களில் ஒருவன் அவனைக் கூப்பிட்டு அட்டை கேட்டான். அருமைநாயகம் தேசிய அடையாள அட்டையைக் கொடுத்தான். சிப்பாய் விலாசத்தை வாசித்தான். “என்ன வேல?” என்று கேட்டான். இவன் மாணவன் என்று சொன்னான். சிப்பாய் கையை நீட்டியபடி நின்றான். பல்கலைக்கழகம் கொடுத்த ஒரே அத்தாட்சியை அருமைநாயகம் எடுத்துக் கொடுத்தான். சிப்பாய் விலாசச் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, மரத்தடியில் நின்ற வாகனத்துக்குக் கொண்டு போனான். வாகனத்துக்குள், ஆட்களை அடையாளம் காட்டுவதற்காக, முகத்தை மூடிய ஒருவன் இருந்தான். அவன் தலையாட்டினானா, கேட்டதற்குப் பதில் சொன்னானா என்று வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. அருமைநாயகத்தை ஏற்றிக்கொண்டு வாகனம் போனது. வாளி வீதியில் இருந்தது. சனம் மிச்சத் தண்ணீரைக் குடித்தது.

சீதேவிப்பிள்ளை அடுத்த நாள்தான் பாலத்தைக் கடந்தாள். இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த பள்ளிக்கூடத்தில் ஆட்கள் அவளிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவள் ஆமி முகாம் வாசலுக்குப் போனாள். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்தாள். பாறூக் அவளைக் கண்டு, கையைப் பிடித்து, கலாநிதியின் வகுப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

புது அணிக்கு முதல் வகுப்பு. கலாநிதி கனகசிங்கம் அவளை வாசலில் கண்டதும் விவரம் கேட்டறிந்து, மிகவும் வருந்தினார். பிறகு உள்ளே அழைத்து, எமது முதலாவது நிறுவுநரின் தாயார் என்று மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தி, ஓரிரு வார்த்தை பேசும்படி கேட்டுக்கொண்டார். அவள் மாணவர்களைப் பார்க்கவில்லை.

“என்ட மகன ஆமி கொண்டு போயிற்றான், சேர். நான் காம்புக்குப் போனன். கெம்பஸ் பொடியன் எண்டு சொன்னன். அப்ப காட் எங்க எண்டாங்க. அந்தக் காட்ட ஒருக்காத் தாங்க. காட்டிற்றுக் கொண்டுவந்து தாறன்.”

கலாநிதி பொறுமையாக விளக்கினார். பழைய அட்டை விழாவில் செல்லுபடியற்றதாக்கப்பட்டுவிட்டது. ஆனால் மீள்பதிவு என்று ஒரு விதி இருக்கிறது. விசேட சித்தி பெற்றவர் என்பதால் செனட் சபை இதை அனுதாபத்தோடு பரிசீலிக்கும். தாமே பரிந்துரை எழுதுவார். ஒன்றே ஒன்று, புதுப் படம் எடுக்க வேண்டும், பதிவாளர் முன்னிலையில் கையொப்பம் வைக்க வேண்டும்.

“ஆளை நேரில் வரச் சொல்லுங்கள், அம்மா. அன்றே தந்துவிடுவார்கள்.”



“ஆள் வந்தா எனக்குக் காட் என்னத்துக்கு, சேர்?”

“நல்ல கேள்வி” என்றார் கலாநிதி. மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள்.